வாசிக்காமல் ஒதுக்கப்பட்ட பன்னிரண்டு இதயப் படங்கள்

அனுப்புநர்
க்வாக் தொக்-சூ (வயது 67),
ஓய்வுபெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர்,
104ஆம் கட்டடம், நவுன் குடியிருப்பு,
குன்சான்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
சொன்ஹே பல்கலைக்கழக மருத்துவமனை.

பொருள்: இதய ரத்தக்குழாய் அழற்சி ஆய்வில் என் மனைவியின் படம் வாசிக்கப்படாததும், அதை எங்களுக்குச் சொல்லாததும் – மற்ற பதினொரு பேருக்கு உடனே தெரிவிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி தாக் சுன்-இம் பள்ளிச் சமையலறையில் வேலை செய்தவள். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். குழாய்ச் சுவரில் எங்கே அழற்சி இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்கும் தங்கள் ஆய்வில் சென்ற மே மாதம் சேர்ந்தாள். ஆபத்தாக ஏதும் தெரிந்தால் மட்டும் அழைப்போம் என்று தங்கள் தாளில் எழுதியிருந்தது. அழைப்பு வரவில்லை. நவம்பர் 24 அன்று மாரடைப்பில் இறந்தாள்.

2. ஏன் அழைக்கவில்லை என்று கேட்டு எழுதினேன். இம்மாதம் ஒன்பதாம் தேதி பதில் வந்தது. உணவுக் கட்டுப்பாட்டை மீறிய பன்னிரண்டு பேரின் படங்கள் பயன்படாதவை என ஒதுக்கப்பட்டன, அவை வாசிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. அந்தப் பன்னிரண்டில் அவளும் ஒருத்தி.

3. மீறியவள் அவள் அல்ல, ஐயா. ஊசியில் ஏற்றும் சர்க்கரையை அழற்சியுள்ள இடம் இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும் என்றும், சோறு சாப்பிட்டால் இதயத் தசை முழுவதும் ஒளிர்ந்து அந்த இடத்தை மறைத்துவிடும் என்றும் நர்ஸ் விளக்கினார். சோறு, பழம், இனிப்பு கூடாது, தண்ணீர் குடிக்கலாம். படத்துக்கு முந்தைய நாள் முழுக்க அவள் முட்டையும் பன்றிக்கறியும்தான் தின்றாள். "சோறில்லாம வெறும் கறிய எப்படிங்க முழுங்குறது? தொண்டையிலயே நிக்குது" என்றாள். பார்க்கப் பொறுக்காமல், எனக்கு ஆக்கிய சோற்றின் அடிக்காந்தலில் நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, அன்று மாலையும் மறுநாள் காலையும் பெரிய கிண்ணத்தில் கொடுத்தேன். எங்கள் வீடுகளில் சாப்பாட்டுக்குப் பின் குடிப்பது அதைத்தான். அதை யாரும் சோறு என்று சொல்வதில்லை; சோற்றின் மாவு அதில் இறங்கியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தங்கள் தாளில் 'தண்ணீர்' என்ற கட்டத்தில் அவள் நேர்மையாகவே டிக் போட்டாள்.

4. நவம்பரில் நெஞ்சு அடைக்கிறது என்றாள். டாக்டரிடம் போகலாம் என்றேன். "படம் புடிச்சவங்களே கூப்புடல. ஏதாவது இருந்தா சும்மா விடுவாங்களா? நீங்க அந்தக் கோஸைத் தூக்கிட்டு வாங்க" என்று என்னை விரட்டினாள். குளிர்காலத்துக்குப் போடும் கிம்ச்சி ஊறுகாய்க்காக அறுபது கோஸுக்கு உப்புப் போட்டு வைத்தாள். மறுநாள் அவற்றைக் கழுவ அவள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டே கழுவினார்கள். தங்கள் மௌனத்தை நல்ல சேதி என்று நம்பித்தான் அவள் செத்தாள். இதை இதைவிட மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவன் நான். ஒரு வண்டியைத் தடத்திலிருந்து எடுத்தால், நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு அறிவிக்காமல் போக எங்களுக்கு அனுமதி கிடையாது.

5. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படம் எடுத்த அன்று, மீதியிருந்த காந்தல் நீரைக் குடுவையில் கொண்டுவந்து, காத்திருப்புக் கூடத்தில் பக்கத்தில் இருந்த டோஃபு கடைக்காரர் பியோ ஜொங்-கில்லுக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அவரும் பசியோடு தங்கள் ஆய்வுக்கு வந்திருந்தார். ஒதுக்கப்பட்டவர்களில் அவரும் இருக்கக்கூடும் என்று சென்ற வாரம் கடைக்கே போய்ச் சொன்னேன். "கூப்புடலன்னா நல்லாருக்கேன்னு அர்த்தம், அண்ணே. அண்ணி போன துக்கத்துல பேசுறீங்க. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லட்டும், அப்ப வர்றேன்" என்று சிரித்தார். பேசும்போதெல்லாம் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

6. ஆகவே, என் மனைவியின் பெயருக்கு நேரே 'மீறினார்' என்று இருப்பதை அடித்துவிட்டு, 'கணவன் கொடுத்தான்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அது மெதுவாக நடக்கட்டும். மற்ற பதினொரு பேருக்கும் அவர்கள் படம் வாசிக்கப்படவே இல்லை என்பதை இந்த மனு கைக்குக் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். பியோவின் கடை காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். மணி அடித்தால் அவரே எடுப்பார். என் பேச்சை நம்பாதவர் தங்கள் பேச்சை நம்புவார். முதலில் அவரை அழையுங்கள்.

நாள்: 29 ஜனவரி 2024
இடம்: குன்சான்

இப்படிக்கு,
தாக் சுன்-இம்மின் கணவன்,
க்வாக் தொக்-சூ
(முத்திரை)