ஒன்பதாவது விதி

பிப்ரவரி 9, திங்கள்

கூரை மின் திட்டத்தின் விதிமுறைகள் இன்று அச்சாகி வந்தன. நாற்பத்திரண்டு பக்கம். அதில் முப்பது பக்கமாவது நான் எழுதியது. வருமானம் குறைந்த வீடுகளின் மொட்டை மாடியில் அரசே செலவு செய்து சூரியத் தகடு பொருத்தும்; வெயில் உள்ளே இறங்காதபடி வெள்ளைப் பூச்சும் அடித்துக் கொடுக்கும். வீட்டுக்குக் கரண்ட் பில் குறையும், நாட்டுக்கு நிலக்கரிப் புகை குறையும். இரண்டு வருட வேலை.

இயக்குநர் என் மேசைக்கே வந்து ஒன்பதாவது விதியைச் சத்தமாகப் படித்தார். "மின் இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரே நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். வேறு எவருடைய கையொப்பமும் ஏற்கப்படாது." படித்துவிட்டு, "ஈ எறும்பு நுழையாது மேடம்" என்றார். போன திட்டத்தில் தரகர்கள் யார் யார் பெயரிலோ கையெழுத்துப் போட்டு, பாதித் தகடுகளைக் கிடங்குகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால்தான் இந்த விதி. அலுவலகத்தில் எனக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "பேப்பர்ல பாத்தேன். இது நீ எழுதினதுதானே? மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். நாளைக்கே மனு போட்டுடறேன்." அவள் இப்படிக் கலகலவென்று பேசி எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 24

அக்காவின் மனு திரும்பிவிட்டது. காரணம்: விதி 9.

எப்படி மறந்தேன்? வீடும் இணைப்பும் அத்தான் பெயரில். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு கட்டிடத்தில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போனார். சரிசெய்தார். வேலை முடிந்ததென்று அங்கே இருந்த நோட்டில் கையெழுத்துப் போட்டார். படியில் இறங்கிப் போனதைக் காவலாளி பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். வீட்டுக்கு வரவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, வேறு யாரும் இல்லை. போலீஸ் தேடி ஓய்ந்தது, நாங்கள் தேடி ஓய்ந்தோம். அக்கா மட்டும் ஓயவில்லை.

அவர் பெயரை நான் தினமும் நினைக்கிறவள்தான். அந்த வாக்கியத்தை எழுதும்போது மட்டும் நினைக்கவில்லை.

பிப்ரவரி 25

இயக்குநரிடம் கேட்டேன். கணவர் காணாமல் போனவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுக்கலாமா என்று.

அவர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். "அடுத்த மாசமே ஊர்ல பாதிப் பேரோட வீட்டுக்காரர் காணாமப் போயிடுவாரு மேடம். இது உங்களுக்கே தெரியும்" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க எழுதின விதிதானே" என்றார்.

யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். பதினோரு மணிக்கே கூரை உள்ளே இறங்கி வந்து தலையில் உட்கார்ந்தது போல வெக்கை. முன்னறையில் மாமா, அவள் மாமனார். நுரையீரல் கெட்டு மூன்று வருடமாகிறது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அது ராப்பகலாக ஓட வேண்டும். அதற்கு ஆகும் மின்சாரத்தை ஈடுகட்ட அக்கா வீட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறாள். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, உள்ளே அரிசியும் பருப்பும் வைத்திருக்கிறாள். பின்னறையில் ஃபேன் ஓடுவதில்லை. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் படுக்கிறாள். கையெல்லாம் வேர்க்குரு.

இணைப்பை அவள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று மின் அலுவலகத்தில் விசாரித்திருந்தேன். ஒன்று அத்தானின் சம்மதக் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஏழு வருடமாகத் தகவல் இல்லையென்றால் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கலாம். சமையலறையில் வைத்துத் தணிந்த குரலில்தான் சொன்னேன்.

அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஃபேன் ஓடறதுக்காக அவரச் சாகடிக்கச் சொல்றியா?"

"பேப்பர்ல மட்டும்தான்க்கா."

"நீ எழுதறதும் பேப்பர்லதானே? அதுக்குப் பேர்தானே விதி?"

கிளம்பும்போது வாசல்வரை வரவில்லை. என் அக்கா என்னை வாசல்வரை வந்து வழியனுப்பாதது இதுதான் முதல் தடவை.

மார்ச் 3

போனை எடுக்கவில்லை.

மார்ச் 4

எடுக்கவில்லை.

மார்ச் 27

விதி 9-ஐத் திருத்தக் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். வெறும் கையோடு போகவில்லை. அந்த விதியால் திரும்பிய மனுக்களை மதிய இடைவேளைகளில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். நானூற்றுச் சொச்சம். இணைப்பு இறந்துபோன மாமியார் பெயரில், விட்டுப்போன கணவர் பெயரில், வெளிநாட்டுக்குப் போய்ப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் பெயரில். ஒரு பெண் மனுவின் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: 'ஐயா, அவர் கையெழுத்துப் போட மாட்டார். அவரிடமிருந்துதான் நான் ஓடி வந்தேன்.'

இத்தனை பேரையும் வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறேன். தரகன் ஒருவன்கூட இந்த மனுக்கட்டுக்குள் இல்லை.

இயக்குநர் வாங்கிக்கொண்டார். "இரண்டாம் கட்டத்துல பாக்கலாம். இப்ப மேலே அனுப்பறேன், எப்ப இறங்கி வரும்னு கேக்காதீங்க."

ஏப்ரல் 23

வெயில் மூன்று நாளாக உச்சத்தில். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள்.

அலுவலகத்தில் இருக்கும்போது அக்காவின் மாமனார் கூப்பிட்டார். அவர் எனக்குத் தனியாகப் போன் செய்வதே கிடையாது. பயந்துபோய் எடுத்தேன். மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார்.

"அம்மா, கோர்ட்டு விஷயம். பெத்தவன் மனுப் போட்டாச் செல்லுமாமே."

எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தாவை வரவழைத்து எல்லாம் கேட்டுவைத்திருக்கிறார். செல்லும் என்று சொன்னேன்.

"அப்ப நான் போடறேன். அவ நேத்து மத்தியானம் மயங்கி விழுந்துட்டா. என்னைத் தூக்கி உக்கார வெக்க வந்தவ, அப்படியே சரிஞ்சுட்டா. என்னால எந்திரிச்சு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியலம்மா. படுத்துக்கிட்டே பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்தேன்."

நான் மேசையை விட்டு எழுந்தேன்.

"அவன் வரணும்னா வரட்டும். வந்தா நான் சாகலன்னு சொல்லட்டும், அடிச்சுட்டு மாத்தி எழுதிக்குவாங்க. வர்ற வரைக்கும் இவ இருக்கணும் இல்ல?"

போனை வைத்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றேன். கால் மணி நேரம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அக்காவைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை கதவைத் திறந்தாள். நெற்றியோரம் வீங்கியிருந்தது. "மாமா சொன்னாரு" என்றாள். "நான் தடுக்கல. கூடச் சேந்து கையெழுத்தும் போட மாட்டேன்." காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தோம். கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

ஜூன் 10

கோர்ட்.

மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினார்கள். அங்கே லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் வந்தாள். அவருடைய ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்றாள்.

நீதிபதி பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டார். "ஏழு வருஷத்துல உங்க மகன்கிட்டேருந்து கடிதம், போன், ஆள் மூலமா சேதி, ஏதாவது வந்துச்சா?"

"இல்லைங்க."

"அவர் உயிரோட இல்லைன்னு நம்பறீங்களா?"

பதில் வரவில்லை. எல்லோரும் மூச்சுத்திணறல் என்றுதான் நினைத்திருப்பார்கள். குமாஸ்தா தண்ணீர் கொண்டுவர எழுந்தார். எனக்குத் தெரியும், அது மூச்சு இல்லை. மெஷின் மூச்சு எப்படி, அவர் மூச்சு எப்படி என்று அக்காவுக்கும் தெரியும். அவள் சிலிண்டரின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பறேன்" என்றார். பிறகு, "எழுதிக்கிங்க."

எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும்போது காரில் பாதி வழிக்கு அப்புறம் மாமா என்னைக் கேட்டார். "எல்லாருக்கும் கேட்டுச்சா? மறுபடியும் சொல்ல வேண்டியிருக்காதே?"

கேட்டது, மாமா. எல்லோருக்கும் கேட்டது.

ஜூன் 11

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். இல்லை.

தகடு போட வேண்டியதுதான். புகை குறைய வேண்டியதுதான். வெயிலைப் பார்த்தவள் யாரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். ஆனால் அதற்கு நடுவில் ஒரு வாக்கியம் கிடந்ததே, அதை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன். கச்சிதமா இருக்குன்னு எழுதினேன்.

ஜூலை 3

உத்தரவு வந்து, சான்றிதழும் வந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தாள்.

"இறந்த தேதின்னு போன மாசத்துத் தேதியப் போட்டிருக்காங்க?"

அவர் எப்போது என்று யாருக்கும் தெரியாததால் உத்தரவு போட்ட நாளையே எழுதுவார்கள் என்றேன்.

"அப்ப போன மாசம் வரைக்கும் இருந்திருக்காரு" என்றாள்.

இணைப்பு மாற்றும் படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள். சரியான இடத்தில், கோட்டுக்கு மேல், அழகாக. பிறகு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமாவும் நானும் அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 20, திங்கள்

திருத்தம் இறங்கி வந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காத வேகம். இயக்குநரே கோப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "உங்க குறிப்ப வார்த்தை மாத்தாம ஏத்துக்கிட்டாங்க மேடம்." இனி இணைப்பு யார் பெயரில் இருந்தாலும், வீட்டில் குடியிருப்பவர் தன் பொறுப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். திரும்பிய நானூற்றுச் சொச்சம் மனுக்களையும் மறுபடி எடுத்துக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா கையெழுத்துப் போட்டுப் பதினேழு நாள். பதினேழு நாள் பொறுத்திருந்தால்—



ஜூலை 26, ஞாயிறு

நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். விதி மாறியது பேப்பரில் வந்துவிட்டது. எப்படியும் தெரியப்போகிறது, என் வாயால் தெரியட்டும்.

அக்கா கடைக்குப் போயிருந்தாள். மாமா சைகை காட்டி என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"அவ பாக்கல. பேப்பர்ல அந்தப் பக்கத்த மட்டும் உருவி, மடிச்சு, தலகாணிக்கடியில வெச்சிருக்கேன். போகும்போது எடுத்துட்டுப் போயிடும்மா."

நான் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "மாமா, உங்களுக்கு என் மேல கோபம் இல்லையா?"

யோசித்துத்தான் பதில் சொன்னார். "இருக்கு. கொஞ்ச நாள் இருக்கும். ஆனா அந்த நானூறு பேருக்கும் யாராச்சும் எழுதணும் இல்ல?"

அந்தத் தாளைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்கா வந்தாள். மூன்று பேரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 21

அக்கா வீட்டில் தகடு பொருத்தினார்கள். எட்டுத் தகடு. வெள்ளைப் பூச்சு நேற்றே காய்ந்துவிட்டதாம். நான் போகவில்லை. பயனாளிகள் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'முடிந்தது' என்று மாறியதைக் கணினியில் பார்த்தேன்.

செப்டம்பர் 13

அக்காவே கூப்பிட்டாள். பில் வந்திருக்கிறது. போன மாதத்தில் கால்வாசிகூட இல்லையாம். "ஃப்ரிட்ஜத் தொடச்சுப் போட்டுட்டேன். மாமா ஐஸ் தண்ணி கேக்கறாரு, சின்னப் புள்ள மாதிரி." சிரித்தாள். பில்லின் மேலே யார் பெயர் இருக்கிறது என்பதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 6, செவ்வாய்

திட்டத்தின் முதல் கட்டப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. படங்களையும் படக்குறிப்புகளையும் பிழை பார்க்க என்னிடம் அனுப்பினார்கள். பதினெட்டாம் பக்கத்தில் அக்கா.

எந்த வீட்டுக்குப் போவது என்று புகைப்படக்காரர்தான் தேர்ந்தெடுத்தார். அவள் என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. முன்னறை. ஃபேன் சுற்றுவதால் அவள் முன்நெற்றி முடி பறக்கிறது. பக்கத்தில் மாமா, மூக்கில் குழாயோடு, பொத்தான் முழுக்கப் போட்ட சட்டையில். அவள் முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கையில் வேர்க்குரு இல்லை. ஏழு வருடத்தில் நான் பார்க்காத முகம் அது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிப்பு: 'கணவரை இழந்த இவர், மாமனாருடன் வசிக்கிறார். இனி இவர்களுக்குக் கோடையைப் பற்றிய பயமில்லை.'

புகைப்படக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன், 'கணவரை இழந்த' என்பது பட்டியலில் பார்த்து எழுதியதா என்று.

"இல்ல மேடம். வீட்டுல யார் யார் இருக்கீங்கன்னு கேட்டேன். அவங்களே சொன்னாங்க. நானும் மாமாவும்தான், வீட்டுக்காரர் இறந்துட்டாருன்னு."

குறிப்பை மறுபடி படித்தேன். ஒற்றுப்பிழை இல்லை. தகவல் பிழை இல்லை. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.