கார்பன் ஃப்ரேமுக்குள் ஒரு சத்தம்

ஞாயிறு, இரவு

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன், தப்புதான். படுத்தால் அந்தச் சத்தம்தான் காதில் கேட்கிறது.

சீனாவிலிருந்து நேரடியாகக் கார்பன் இழை ஃப்ரேமை வரவழைத்து, நாத்தனார் கவிதாவுக்கு நானே சைக்கிள் கட்டியிருக்கிறேன். சாயங்காலம் வாசலில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு சுற்று வருவதற்குள் ஃப்ரேமுக்குள் 'கடக்' என்றது. கார்பன் விரிசல் விட்டிருந்தால் சொல்லாமல் ஒடியும். நாளைக் காலையில் கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, லாரிகளுக்கு நடுவே பொள்ளாச்சி வரை போகப்போகிறாள்.

"இறங்கு கண்ணு, இதுல போக வேண்டாம்."

"ஏனுங்க அண்ணி, கட்டுனவங்களே நம்பலீன்னா எப்புடிங்க?"

புளி தட்டிக்கொண்டிருந்த மாமியார், "பிளாஸ்டிக்குல வண்டி கட்டுனா அப்படித்தான் கத்தும்" என்றார்.

சீட்டைக் கழற்றி ஃப்ரேமைக் கவிழ்த்து உலுக்கினேன். பொலபொலவென்று புளியங்கொட்டைகள் கொட்டின. சீட் மாட்டுவதற்கு முன் மூலையில் சாத்தியிருந்தபோது என் இரண்டு வயது மகன் குழாய்க்குள் போட்டிருக்கிறான்.

கவிதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மருமகன் டேங்க்கை ஃபுல் பண்ணி உட்டிருக்கானுங்க அண்ணி!" மாமியாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். எங்கும் விரிசல் இல்லை. மறுபடி ஓட்டினாள். செயின் சத்தம் மட்டும்தான். எவ்வளவு அழகாகப் போகிறது, நான் கட்டிய வண்டி!

குழாயில் போட்டவன் மூக்கில் போட்டிருந்தால்? தூங்குகிறவன் மூக்கையும் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை.

கவிதாவின் போனுக்கு அனுப்பிவிட்டேன்: "பொள்ளாச்சி போய்ச் சேர்ந்ததும் உடனே பதில் போட்டுரு கண்ணு."