சூடத்தை அணைக்க நான் விடவில்லை

என் சரசக்கா,

எந்த விசேஷத்துக்கு நான் போய் வந்தாலும் போனில் நீ முதலில் கேட்பது, "யார் யாரு புள்ள வந்திருந்தாங்க?" என்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலை உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள்: உன் வீட்டுக்காரரான மாமா. உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் தம்பி. அந்தத் தம்பியின் அம்மா. எல்லாத் தகராறுக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்கும் ஊர்ப் பெரியவர். பூசாரி. ஆறாவதாக நான். மற்ற ஐந்து பேரும் சொல்லி வைத்துக்கொண்டு வந்தவர்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

மாமாதான் முதல் நாள் சாயங்காலம் போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "நாளைக்குக் கோயில்ல வெச்சு உங்கக்கா விசயத்தை முடிச்சுக்கலாம்னு இருக்கறோம் தங்கமணி" என்றார். உன் விஷயத்தை! நீ என்ன வரப்புத் தகராறா, ஊர் கூடி முடித்துக்கொள்வதற்கு? விடிந்ததும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, விரத வயிற்றோடு நாமக்கல்லில் பரமத்தி வேலூர் பஸ் ஏறிவிட்டேன்.

நீ போன பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன். நாலு பேர் முன்னால் நடந்ததை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

உன்னைக் கொண்டுபோனது நெஞ்சு வலி. பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அழுகிற நேரத்தில் எத்தனையோ பேர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். நான் ஒரு இடத்திலும் அப்படிச் சொல்லவில்லை அக்கா. உன் புகாரில் ஒரு வரி பொய் கலந்தாலும் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும் என்று நீதானே சொன்னாய்?

நாம் புகார் அனுப்பிய பல் டாக்டர்களின் கவுன்சிலிலிருந்து, விசாரணைக்கு வரச் சொல்லி உன் பேருக்குத் தபால் வந்தபோது நீ இல்லை. "ஆளே இல்லை, இனி எதுக்கு அலையோணும்?" என்றார் மாமா. நான் அவரையும் இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பெரிய பல் டாக்டர்கள். நடுவில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். "தங்கச்சிங்க. சொன்னது எங்கக்கா, எழுதுன கை என்னுதுங்க" என்றேன்.

என் சமையலறையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே நீ புகாரைச் சொல்லச் சொல்ல நான் எழுதியது நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் போகாமல் உன் பழைய புத்தகங்களைப் பார்த்து எழுத்துப் பழகியவள் நான். மளிகைக் கணக்குத் தவிர வேறு எதை எழுதியிருக்கிறேன்? நீ எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, சேமியாவைக் காயப் போட்ட மாதிரி இருக்குது? இதைப் படிச்சுக் கண்ணு போயி அவங்க ஒரு புகார் எழுதப் போறாங்க" என்றாய். நீ சிரித்தபோது இடது பக்க வாயோரம் காபி வழிந்தது. உனக்குத் தெரியவில்லை. நான் துடைத்துவிட்டேன். அதன் பிறகு நீ சிரிக்கவில்லை.

அந்தப் பல்லைப் பிடுங்கிய நாளிலிருந்து உன் கீழுதட்டில் பாதியும் தாடையும் மரத்தே கிடந்தன. ஊசி போட்டால் சாயங்காலம் தெளிந்துவிடும் என்பார்கள். உனக்குச் சாகிற வரைக்கும் தெளியவில்லை. கொடிக்கால் வீட்டுக்காரியாக இருந்துகொண்டு வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டாய், உதட்டைக் கடித்து ரத்தம் வந்தாலும் தெரியாது என்று. பேத்தியிடம் மட்டும், "அம்மாயிகிட்டப் பாதி முத்தந்தான் சாமி ஸ்டாக்கு இருக்குது" என்று கன்னத்தைக் காட்டுவாய்.

டாக்டரம்மா உன் புகாரின் கடைசி வரிகளைச் சத்தமாகப் படித்தார். 'இவரைத் தண்டிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த ஆளுக்கு இப்படி ஆகாமல் இருக்க இவருக்கு எதைச் சொல்லித் தர வேண்டுமோ அதைச் சொல்லித் தாருங்கள்.' படித்துவிட்டு, எங்களுக்குப் பக்கத்தில் நின்ற டாக்டர் தம்பியைப் பார்த்தார்.

"பிடுங்கறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"ரொம்ப வலியோட அவசரமா வந்தாங்க மேடம்."

"எடுத்தீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"வேருக்குப் பக்கத்துல நரம்பு ஓடலாம், மரத்துப் போனாலும் போகலாம்னு சொன்னீங்களா?"

அதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பத் திரும்ப வந்தவருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "சரியாயிடும்னு சொன்னேன்" என்றார். கடைசியாக நீ போனபோது டாக்டர் இல்லை என்று கிளினிக்கின் வரவேற்புப் பெண் சொன்னதையும், அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்ததையும் நான் சொன்னேன். உன் புகாரில் இருப்பதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அப்புறம் உத்தரவு வந்தது. அந்தத் தம்பி கிளினிக் நடத்தலாம். பல்லைச் சுத்தம் செய்யலாம், அடைக்கலாம். ஆனால் பல் பிடுங்குவது மட்டும் ஒரு வருசத்துக்குச் சேலத்துப் பல் மருத்துவக் கல்லூரியில்தான், அங்கே ஒரு பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான். எக்ஸ்ரே எடுத்தாரா, ஆபத்தைச் சொன்னாரா, கை எப்படிப் போகிறது, பிறகு வந்து கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்கிறார் என்று அந்தப் பெரிய டாக்டர் எழுதி அனுப்ப வேண்டும். கை தேறிவிட்டது என்று அவர் சொன்னால்தான் மறுபடி தனியாகப் பிடுங்கலாம்.

ஊரில் பாதிப் பேர், "இவ்வளவுதானா? போர்டையே கழட்டியிருக்க வேண்டாமா?" என்றார்கள். மீதிப் பேர், "ஐயோ பாவம், நம்ம பையனுக்கு இவ்வளவா?" என்றார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்தது அக்கா. நீ கேட்டது அதுதானே? எழுத்துக்கு எழுத்து அதைத்தானே கொடுத்திருக்கிறார்கள்?

அங்கேதான் ஊர்ப் பெரியவர் உள்ளே வந்தார். இறந்தவரின் வீட்டில் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், மனுப் போட்டு உத்தரவைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னாராம். மாமா கையெழுத்துப் போட வேண்டும். சும்மா போட்டால் ஊர் பேசும். அதனால் டாக்டர் தம்பி அம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணிவிடட்டும். அந்தச் சூட்டோடு மாமா கையெழுத்தைப் போட்டுவிடட்டும். இதுதான் ஏற்பாடு.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். "நான் ஒரு தப்பும் பண்ணுலீங்கன்னு தம்பி ஆத்தா முன்னாடி சொல்லீரட்டும். அதுக்கு மேல பேச்சில்லை. ரெண்டு ஊடும் பழையபடி ஒறவா இருந்துக்கலாம்."

பூசாரி தட்டில் சூடத்தைப் பற்ற வைத்தார். டாக்டர் தம்பி கையை நீட்டினார். நான் கைக்கும் தட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"சித்த இருங்க தம்பி."

"இதென்ன அம்மிணி, சாமி காரியத்துல பொம்பளை நடுவால வந்துட்டு?" என்றார் பெரியவர்.

"உள்ள உக்காந்திருக்கறதும் பொம்பளைதானுங்களே" என்றேன்.

பூசாரிக்கு இருமல் வந்துவிட்டது. சிரிப்புதான். பெரியவர் அவரை முறைத்தார்.

நான் டாக்டர் தம்பியைப் பார்த்துப் பேசினேன். "நீங்க பொய் சொல்றீங்கன்னு எங்கக்கா எழுதுலீங்க. வேணும்னு பண்ணுலீன்னு சூடத்தை அணைச்சீங்கன்னா மொதல்ல நம்பறவ நானுங்க. நம்பி என்ன பண்றது? அணைச்ச கைக்கு, நரம்பு எங்க ஓடுதுன்னு தெரிஞ்சுருமுங்களா?"

அவருடைய அம்மா முந்தானையை உதறிக்கொண்டு வந்தார். "எம் பையன் பொழப்பைக் கெடுத்து உனக்கு என்ன ஆவப் போவுது? செத்தவ எந்திரிச்சு வரப் போறாளா?"

"அவ வரமாட்டாளுங்க. அடுத்தவ வருவா. பல்லைப் புடிச்சுக்கிட்டு உங்க பையன்கிட்டத்தான் வருவா. அவளுக்காவத்தான் நான் நிக்கறேன்."

பிறகு எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியவில்லை. அம்மன்தான் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். "தம்பி, நடந்ததுக்குச் சத்தியம் வேண்டாமுங்க. நடக்கப் போறதுக்குப் பண்ணுங்க. பெரிய டாக்டரு போதும்னு சொல்ற வரைக்கும், அவரு பக்கத்துல நிக்காம ஒரு பல்லுல கை வெக்க மாட்டேன்னு சொல்லி அணைங்க. நான் நவுந்துக்கறேன்."

டாக்டர் தம்பி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ரொம்ப மெல்லச் சொன்னார்: "அங்க பக்கத்துல நிக்கப் போறது யாருன்னு தெரியுங்களாக்கா? எங்கூடப் படிச்சவன். பரிச்சைக்கு எங்கிட்ட நோட்டு வாங்கிப் படிச்சவன். அவன் முன்னாடி நான் கொறடு புடிக்கோணும், அவன் சரி தப்பு எழுதுவான். வெக்கமா இருக்குதுங்க."

ஒரு நொடி எனக்கு மனசு கரைந்தது. பொய் சொல்லவில்லை, கரைந்தது. வசதியும் படிப்பும் இருந்தும் அந்தப் பிள்ளை, வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த குழந்தை மாதிரி நின்றது. ஆனால் உன் வாயோரத்தில் வழிந்த காபி கண் முன்னால் வந்துவிட்டது.

"வெக்கம் நல்லதுதானுங்க தம்பி. அதாச்சும் உங்களுக்குத் தெரியுது. எங்கக்காளுக்கு உதட்டு மேல ஈ உக்காந்தாக்கூடத் தெரியலீங்க."

அவர் கண் கலங்கியது. அவருடைய அம்மா வாயைத் திறக்கும் முன் நானே சொல்லிவிட்டேன். "எனக்கும் கடவாப் பல்லு ஒண்ணு வலிச்சுட்டுத்தான் இருக்குது. அந்தக் காலேஜுல உங்ககிட்ட மொத ஆளா நான் வந்து உக்கார்றேன். எக்ஸ்ரே எடுங்க. என்ன ஆவும், ஆவாதுன்னு சொல்லுங்க. உங்க கூட்டாளி பக்கத்துல நிக்கட்டும். புடுங்குங்க. உங்களைப் பகைச்சுக்கறவ வாயைத் தொறந்து காட்டுவாளாங்க?"

"இந்தம்மாளுக்குப் புத்தி கலங்கிப் போச்சு" என்றார் பெரியவர்.

அப்போதுதான் பூசாரி தட்டைப் பார்த்தார். "சூடம் எரிஞ்சு தீந்து போச்சுங்க. வேற வெக்கட்டுங்களா?"

ஒருவரும் வை என்று சொல்லவில்லை. டாக்டர் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குக்கூடக் காத்திருக்காமல் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

சாமி முன்னால் சத்தியத்தைத் தடுத்தவள் என்று இப்போது எனக்குப் பேர். குடும்பத்துக்கு ஆகாது, பரிகாரம் பண்ணு என்று சொல்லி அனுப்புகிறார்கள். நான் ஒரு பரிகாரமும் பண்ணப் போவதில்லை. நான் விளக்கேற்றாத நாள் உண்டா என்று அம்மனுக்குத் தெரியும். அவளுக்குக் கோபம் இருந்தால் அவள் என்னிடம் சொல்லிக்கொள்வாள். இடையில் இவர்கள் யார்?

ஆனால் மாமாவைத்தான் என்னால் ஜெயிக்க முடியவில்லை அக்கா. வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார்: "நீ பேசினது நாயந்தான் தங்கமணி. ஆனா அந்தப் பையனோட அப்பனும் நானும் ஒரே கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுனவங்க. உங்கக்கா இருந்தா என்ன சொல்லுவாளோ?"

"அவ சொன்னதைத்தான் எழுதியிருக்குதுங்களே மாமா."

"அது உசுரோட இருக்கறப்பச் சொன்னது. போன பொறகு மனசு எளகியிருக்குமோ என்னமோ."

கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தை உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். "அவளே சொல்லட்டும்" என்கிறார். சுவரில் பல்லி கவுளி சொன்னால்கூட எழுந்து உட்கார்ந்து எந்தத் திக்கிலிருந்து என்று பார்க்கிறாராம். மாசக் கடைசிக்குள் மனுப் போட வேண்டும் என்று பெரியவர் தினமும் வந்து நிற்கிறார்.

அக்கா, உன் மனசு இளகியிருந்தால் இளகட்டும். அந்தத் தம்பியை நீ மன்னித்துவிட்டாயா? மன்னித்துக்கொள், நானும் மன்னித்துவிடுகிறேன். ஆனால் மன்னிப்பது வேறு, அவர் கற்றுக்கொள்வது வேறு. மாமா கையெழுத்துப் போட்டாலும் நான் மறுபடி சென்னைக்குப் போவேன். அந்த மேசை முன்னால் நின்று, எங்கக்கா கேட்டதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்காதீர்கள் என்று சொல்வேன். உத்தரவு நின்றால், சொன்னபடியே அந்த நாற்காலியில் போய் வாயைத் திறந்து உட்காருவேன். இரண்டில் ஒன்று நிச்சயம். அம்மன் சாட்சி.

என்னிடம் நீ வர வேண்டாம். எனக்கு உன் பதில் தெரியும். மாமா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன் படத்துக்கு நேராகத்தான் படுக்கிறார். அவர் கனவில் போய், கையெழுத்துப் போடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. சீக்கிரம் பதில் சொல் அக்கா.

நீ சொன்னதை எழுதிய உன் தங்கச்சி,
தங்கமணி