மச்சான் வாயை மூடினால்

மார்ச் 3
இரண்டு சுற்று கீமோவுக்கும் அசையாத நிணநீர்ப் புற்றுநோய்க்கு இதுதான் மிச்சமிருக்கும் வழி. போன மாதம் என் ரத்தத்திலிருந்து எடுத்த நோய் எதிர்ப்பு செல்களுக்கு ஆய்வுக்கூடத்தில் யாரை அடிப்பது என்று பாடம் நடத்தி, இன்று ஒரு சின்னப் பையிலிருந்து திருப்பி ஏற்றினார்கள். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவனின் செல்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே இல்லை!

மனைவிக்குச் சளி, வார்டுக்குள் விட மாட்டார்கள். தன் அண்ணனை அனுப்பியிருக்கிறாள். பை காலியாவதற்குள் மச்சான் தன் பித்தப்பைக் கல் கதையில் பாதியை முடித்துவிட்டார்.

மார்ச் 4
செல்களின் சண்டையில் மூளை குழம்பலாமாம். அதைக் கண்டுபிடிக்கத் தினமும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

"என்ன வேணா எழுதுங்க சார்," என்றார் நர்ஸ்.

எழுதினேன்: 'என் மச்சான் வாயை மூடினால் நான் பிழைத்துக்கொள்வேன்.'

நர்ஸ் சிரிக்காமல் படித்தார். "இனிமே தினமும் இதையேதான் எழுதணும். அப்பதான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 5
எழுதினேன். தாள் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிறது.

"எத்தனை வருஷமா மனசுல வச்சிருந்தீங்க மாப்ள?"

"இருபது, மச்சான்."

மார்ச் 6
எழுதினேன். காய்ச்சல். கல் எட்டு மில்லிமீட்டராம்; கதையில் ஆபரேஷன் இன்னும் வரவில்லை.

மார்ச் 8
என் மச்சா

மார்ச் 12
மேலே இருப்பது என் கையெழுத்துதானாம். தாளிலும் அவ்வளவுதான் எழுதியிருந்தேனாம். நர்ஸ் அப்போது பக்கத்துப் படுக்கை நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தாராம். மச்சான்தான் கத்தியிருக்கிறார்: "சிஸ்டர், ஓடி வாங்க! என்னைத் திட்றத பாதியில விட்டுட்டாரு. அப்படி விடற ஆளே இல்ல இவரு!"

உடனே மருந்து ஏற்றியதால் தப்பித்தேன்.

அன்றிலிருந்து மச்சான் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்பதற்கும் சைகை. "ஐயோ, சும்மா எழுதினது மச்சான், பேசுங்க," என்றேன். தாளைக் காட்டித் தலையை ஆட்டுகிறார். இந்த வார்டு இவ்வளவு அமைதியான இடமா? தூக்கமே வரவில்லை.

ஏப்ரல் 2
ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. செல்கள் நன்றாக வேலை செய்திருக்கின்றன என்றார் டாக்டர்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "செல்லு கில்லெல்லாம் சரிங்க டாக்டர். நான் இருபத்தஞ்சு நாள் வாயே தொறக்கல. அதையும் குறிச்சுக்கிட்டீங்களா?"

வீட்டுக்கு வரும் வழியில் பித்தப்பைக் கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கல் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றார்.

"எட்டு, மச்சான்," என்று திருத்தினேன்.