வண்டிக்காரரின் பாதம்

லண்டன், 1780

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். என் இருமல் நின்றுவிட்டது. உங்கள் இடுப்பு வலி தேவலையா?

இங்கே நான் பணிவிடை செய்யும் மருத்துவமனையில், வண்டிக்காரர் பெக்கெட்டுக்கு முழங்காலின் பின்னால் ரத்தக்குழாய் முட்டையளவு வீங்கித் துடித்தது. மற்ற மருத்துவர்கள் எல்லோரும் காலையே வெட்டச் சொன்னார்கள். அறுவை மருத்துவர் லாங்மெட் ஐயா மட்டும் தொடையைக் கீறி, அந்தக் குழாயை வீக்கத்துக்கு மேலேயே நூலால் கட்டினார்.

"அப்போ ரத்தம் எப்படிங்க ஐயா கீழ போகும்?" என்று கேட்டேன்.

"சின்னக் குழாய்ங்க வழியா சுத்திப் போகும்மா. செத்தவங்க உடம்புல எத்தனையோ தடவை பார்த்துட்டேன். நீ பாதத்தைப் பிடிச்சுக்கிட்டே இரு."

பாதம் ஜில்லிட்டுக் கிடந்தது. மறுநாள் மதியம் என் உள்ளங்கையில் மெல்லச் சூடு ஏறியது.

"கூசுது, விடும்மா" என்றார் பெக்கெட். லாங்மெட் ஐயாவைக் கூப்பிட ஓடினேன், அப்பா.

நம் வேல்ஸ் வெண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். உறையில் என் பெயரை முழுதாக எழுதுங்கள். இங்கே யார் வாயிலும் அது நுழைவதில்லை.

தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் மகள்
அங்ஹாரத்