உனக்கு வந்த தந்தி

இன்று பின்னேரம் தொலைக்காட்சியில் பேச்சில்லாத பழைய படமொன்று போனது. குதிரை, துப்பாக்கி, தூசி. பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நாம் இருவரும் முன்பு பார்த்த படம் என்று தெரிந்தது. நீ போய் மூன்று கிழமை. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. முடியும்வரை இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில், ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து, டண்டினொங்கில் ஒரே தொழிற்சாலையில் நாம் வேலை செய்த காலம். ஒரு சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபத்தில் அதைப் போட்டார்கள். தொப்பி விற்க வந்த பயந்த மனுசனைக் கொள்ளைக்காரன் என்று நினைத்து ஊரே கையை உயர்த்துகிறது.

"நான் அவனில்லை எண்டு சொல்லலாம்தானே?" என்றேன்.

"சொன்னா படம் முடிஞ்சிடுமடா," என்றாய்.

தொழிற்சாலையில் எங்கள் கதையும் அதுதான். அங்கே தமிழர் நாங்கள் இரண்டே பேர். நீ நெட்டை, கண்ணாடி போட்டவன், நான் கட்டை. இருந்தும் எங்களை மேற்பார்க்கும் போர்மன் என்னை உன் பெயரால் கூப்பிடுவார், உன்னை என் பெயரால். திருத்திக் களைத்துப்போய், எந்தப் பெயருக்கும் இருவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் என் மெஷினை நிறுத்தச் சொல்லித் தோளில் கைவைத்தார். ஊரிலிருந்து தந்தி வந்திருக்கிறது, என் அம்மா இறந்துவிட்டார் என்றார். உடுப்பு மாற்றும் அறைக்குப் போய் வாய்விட்டு அழுதேன். அம்மாவைப் பார்த்து ஐந்து வருடம். அரை மணித்தியாலம் கழித்து அலுவலகத்தில் தந்தியை வாங்கினேன். அதில் உன் பெயர் இருந்தது.

இதை நான் உனக்குச் சொல்லவேயில்லை. என் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோசம் வந்தது. மேசைக்கு முன்னாலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தே விட்டேன்.

பிறகு உன்னிடம் வந்தேன். தந்தியை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய்.

"அழுதனியே?"

"ஓம்."

"என்ர அம்மாவுக்கோ?"

"ஓம்," என்றேன். நீ என் தோளில் சாய்ந்தாய்.

உண்மையை நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். செத்தவீட்டுக் காரியங்கள் முடியட்டும் என்றிருந்தேன். அதற்குள் நீ எல்லாருக்கும் சொல்லிவிட்டாய். கலியாண வீடுகளில், பிறந்தநாள்களில், "என்ர அம்மாவுக்கு எனக்கு முதல் அழுதவன் இவன்" என்று தோளில் தட்டுவாய். அதனால்தான் உன் மகளுக்கு என்னைப் பெயர் வைக்கச் சொன்னாய். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும் தினமும் சோறு கொண்டு வந்தாய்.

உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்த மகள் என் கையைப் பிடித்தாள். "அங்கிள், நீங்கள் அப்பம்மாவுக்கு அழுத கதையை அப்பா கடைசிக் கிழமையும் சொன்னவர்." நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் கண் காய்ந்திருந்தது. உனக்காக ஒரு சொட்டும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

என் அழுகையைத்தான் எல்லாருக்கும் தெரியும். சிரிப்பு என்னோடு இருக்கிறது. உன் அம்மா செத்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தேனடா. இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன்.