நாற்பதாவது லெவல்

14 செப்டம்பர் 2007, வெள்ளி

சாயங்காலம் பிரஸ்ஸிலிருந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், ஆன்லைன் விளையாட்டில் நேற்று முப்பத்தெட்டாவது லெவலில் விட்ட என் புனித வீரன் நாற்பதில் நிற்கிறான். பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த விளையாட்டை ஆரம்பித்ததே நாங்கள் இருவரும் சேர்ந்துதான். ஆனால் அண்ணன் எனக்குப் பார்த்த ஆலங்குளத்து மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்றதிலிருந்து மூன்று மாதமாக அவன் என்னோடு பேசுவதில்லை. பட்டாசு சீசனில் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு இன்று முழுக்க வீட்டில் இருந்தானாம். அம்மா சொன்னாள்.

நாற்பது வந்தால் ஒரு வரம் எடுக்கலாம். அடிபட்டவர்களைக் குணமாக்கும் கை, அல்லது பேய்களை எரிக்கும் வாள். ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது. அதை மட்டும் அவன் தொடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் போய், "அண்ணே, நீயா விளையாண்ட?" என்றேன்.

"அம்மா, ரசம் ஊத்து" என்றான்.

"சரி, எத எடுக்கட்டும்? அதையாவது சொல்லு."

தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "ஒனக்கு எது வேணுமோ அத எடு புள்ள. என்னய எதுக்குக் கேக்க?"

கோபத்தில் சொன்னானா, மனம் இறங்கிச் சொன்னானா? விளையாட்டைத்தான் சொன்னானா? அம்மாவும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஆனாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு என்னைப் புள்ள என்று கூப்பிட்டிருக்கிறான்.

இரண்டில் எதையும் நான் இன்னும் எடுக்கவில்லை.